ஸ்கூபா டைவிங்: கருவியைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு? விபத்து நடந்தால் டைவர்கள் ஏன் மோதிக்கொள்கிறார்கள்?

லாங் வீக்கெண்ட் வருகிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தமான் டிக்கெட் விலையைப் போட, நாலு பேர் "நானும் வர்றேன்" என்று சொல்ல, ஹேவ்லாக்கில் ஸ்கூபாவும் புக் பண்ணியாச்சு. படகில் ஏறும் முன் உங்கள் கையில் இரண்டு தாள்களைக் கொடுப்பார்கள். ஒன்று உடல்நலக் கேள்வித்தாள். இன்னொன்று, இதிலுள்ள ஆபத்துகளை அறிந்தே இறங்குகிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் படிவம். பெரும்பாலானவர்கள் முதல் தாளில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு, இரண்டாவதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.

அந்த இரண்டாவது தாளில் இருக்கும் கேள்விதான் டைவிங் உலகத்தைப் பல வருடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. தண்ணீருக்குள் ஏதாவது தப்பாகப் போனால், பொறுப்பு யாருடையது? கருவியைக் கொடுத்தவருடையதா, கூட்டிக்கொண்டு போனவருடையதா, மாட்டிக்கொண்ட உங்களுடையதா?

மொன்டானா ஏரியில் நடந்தது என்ன?

2020 நவம்பர் 1. அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவில் இருக்கும் மெக்டொனால்ட் ஏரி. 18 வயதுப் பெண் ஒருவர் அடுத்தகட்டப் பயிற்சி வகுப்புக்காக வந்திருந்தார். குளிர் நீர் என்பதால் 'டிரைசூட்' அணிந்திருந்தார். உடலில் தண்ணீர் படாதபடி மூடிய உடை அது. உள்ளே காற்று இருக்கும். ஆழத்துக்குப் போகப்போக வெளியிலிருந்து வரும் அழுத்தம் அந்தக் காற்றைச் சுருக்கும். அதற்கு ஈடுகட்ட, சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக உடைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உடை உடம்பைக் கவ்வி இறுக்கும், மிதக்கும் தன்மையும் போய்விடும்.

அந்தப் பெண்ணின் உடையில் அந்தக் குழாய் இணைக்கப்படவே இல்லை. அவருக்குக் கொடுத்த ரெகுலேட்டரில் அந்த உடைக்குப் பொருந்தும் குழாய் இல்லை. அவர் டிரைசூட்டுடன் நீரில் இறங்கியது அதுவே முதல் முறை. போதாததற்கு, குடும்பத்தினர் பின்னர் தொடுத்த வழக்கின்படி, சுமார் 20 கிலோ ஈயத்தை அவசரத்தில் சட்டென உதற முடியாத பாக்கெட்டுகளில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர் இறங்கினார், உடை இறுக்கியது, மூழ்கிக்கொண்டே போனார். கூட இருந்த இன்னொரு டைவர் அவரை மேலே கொண்டுவர முயன்றார், முடியவில்லை.

செய்தி வெளியே வந்ததும் உலகமெங்கும் டைவர்கள் கொந்தளித்தார்கள். டிரைசூட் சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாத பயிற்சியாளர், கருவி பொருந்தாதது தெரிந்தும் அனுப்பிய கடை, இவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு என்று கோபம் மேல்நோக்கிப் போனது ஒரு பக்கம். "குழாய் இல்லாமல் டிரைசூட்டில் யாராவது இறங்குவார்களா? அந்தப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். பக்கத்தில் நின்ற மற்ற டைவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு உறுத்துவது இந்த மூன்றாவது கேள்விதான். அதற்குப் பிறகு வருவோம்.

'உன் உயிர் உன் கையில்' என்பது எல்லோருக்கும் பொருந்துமா?

டைவிங்கில் ஒரு பழைய மரபு உண்டு: சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு டைவரும் தனக்குத் தானே பொறுப்பு. கருவியைத் தானே மாட்டி, தானே சோதித்து, இறங்குவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் இருக்கும் எல்லோரும் டைவர்கள் இல்லை.

இந்தியாவில் 'ஸ்கூபா பண்ணினேன்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்தது, சான்றிதழே தேவைப்படாத அறிமுக டைவ். அரை மணி நேரம் பயிற்சி, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம், பின்னாலிருந்து பயிற்சியாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே வருவார். இதில் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முழுக்க அவருடைய வேலை. உங்களால் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. முடியும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதால் அந்தப் பொறுப்பு உங்கள் தோளுக்கு மாறிவிடாது.

மொன்டானா பெண் நடுவில் இருந்தார். அடிப்படைச் சான்றிதழ் கையில் உண்டு, அந்த உடைக்கு மட்டும் புதியவர். தனக்குத் தெரியாதது எது என்பதே ஒரு மாணவருக்குத் தெரியாது. பயிற்சியாளர் "பரவாயில்லை, வா" என்றால் அதுதான் அவருக்கு வேதம். அந்த இடத்தில் பழியை மாணவர்மீது போடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்புதலில்லை.

ஆனால் நீங்கள் 4 நாள் வகுப்புக்குப் போய், 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற 'ஓப்பன் வாட்டர்' அட்டையை வாங்கி பர்ஸில் வைத்திருந்தால் கதை மாறுகிறது. அந்த அட்டை சொல்வதே, உங்களைப் போன்ற இன்னொருவருடன் சேர்ந்து, பயிற்சியாளர் இல்லாமலே டைவ் செய்ய உங்களுக்குத் தெரியும் என்பதுதான். அங்கே "கடைக்காரர் செட் பண்ணிக் கொடுத்தார்" என்ற பதில் செல்லாது.

எல்லாம் செட் பண்ணியாச்சு சார், குதிங்க!

சுற்றுலா இடங்களில் படகுப் பையன்கள் எல்லாவற்றையும் மாட்டி, தூக்கி, உங்கள் தோளில் வைத்து, பட்டையைப் பூட்டி விடுவார்கள். மரியாதைதான், வசதியும்தான். ஆனால் அனுபவமுள்ள டைவர்கள் அதிகம் பயப்படுவதும் இந்த உதவிக்குத்தான். காரணம், சிலிண்டர் வால்வு.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது முக்கியம். சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஜ், வால்வுக்கு அந்தப் பக்கம், அதாவது குழாயோடு இணைந்திருக்கும். ஒருவர் வால்வைத் திறந்து பார்க்கிறார், குழாய்களில் காற்று நிரம்புகிறது, கேஜ் 200 பார் காட்டுகிறது. அப்புறம் ஏதோ காரணத்துக்காக வால்வை மூடிவிடுகிறார். குழாய்களில் அடைபட்ட காற்று அப்படியே இருப்பதால், கேஜ் இப்போதும் 200 பார்தான் காட்டும். நீங்கள் பார்த்து, "ஃபுல் டேங்க்" என்று தலையாட்டிவிட்டுக் குதிப்பீர்கள். சில மூச்சு வரும். அதோடு சரி.

இதைவிட நைச்சியமானது பாதி திறந்த வால்வு. முன்பெல்லாம் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உதவிக்கு வந்த ஒருவர் திசை குழம்பி, முழுக்க மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறந்து வைத்தால்? படகில் சுவாசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடுவதால், 20 மீட்டரில் ஒரே ஒரு மூச்சுக்கு மேற்பரப்பைப் போல 3 மடங்கு காற்று தேவை. அந்தக் கால் சுற்று இடைவெளியில் அவ்வளவு காற்று வராது. சிலிண்டர் நிறையக் காற்றோடு மூச்சுத் திணறுவீர்கள். அதனால்தான் இப்போது பலரும் 'ஒன்று முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு, நடுவில் எதுவும் வேண்டாம்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து வினாடி போதும். ரெகுலேட்டரை வாயில் வைத்து, கேஜைக் கண்ணால் பார்த்தபடியே நான்கைந்து முறை நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள். முள் அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே இறங்கி ஏறினால் பாதி மூடியிருக்கிறது. இறங்கியது ஏறவே இல்லை என்றால் முழுக்க மூடியிருக்கிறது. கேஜை மட்டும் பார்ப்பது சோதனை ஆகாது, சுவாசித்துக்கொண்டே பார்க்க வேண்டும். இந்தப் பத்து வினாடியை, உங்களுக்கு மாட்டிவிட்டவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மிதவைச் சட்டையான பிசிடியில் காற்றை நிரப்பி, தானாக இறங்குகிறதா என்று சில நிமிடம் விட்டுப் பார்க்கலாம். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். நண்பருக்குக் கொடுப்பதற்காக இருக்கும் இரண்டாவது வாய்க்குழல், டைவர் மொழியில் 'ஆக்டோ', கீழே தொங்கி மணலில் இழுபடாமல் மார்புப் பக்கம் மாட்டியிருக்க வேண்டும். அதிலும் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். எடையை அவசரத்தில் கழற்றுவது எப்படி என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், உங்கள் ஜோடி டைவருக்கும் தெரிய வேண்டும். டைவிங்கில் இறந்தவர்களில் மிகப் பலர் எடைப் பட்டையைக் கழற்றாமலேயே கண்டெடுக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள். நிதானமாக இருக்கும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் செலவு நிமிடத்துக்கு 60 லிட்டர். கையிருப்பாக 50 பாரை ஒதுக்கிவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 27 நிமிடம். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் 14 நிமிடம்கூட இல்லை. "போன தடவை ஒரு மணி நேரம் இருந்தோமே" என்ற ஞாபகம் இங்கே உதவாது. அது 8 மீட்டர் ஆழமாக இருந்திருக்கும்.

உண்மையில் எதனால் இறக்கிறார்கள்?

திருக்கை குத்துவதாலோ சுறா கடிப்பதாலோ இல்லை. 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரையிலான 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். முதலில் எது தப்பாகப் போனது என்று கண்டறிய முடிந்த மரணங்களில் 41 சதவீதம், காற்று போதாமல் போனது. சிக்கிக்கொண்டது 20 சதவீதம். கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். காற்று தீர்ந்தது என்றால் அது கருவியின் தப்பு அல்ல. பெரும்பாலும் கேஜைப் பார்க்காததன் தப்பு, அல்லது பார்த்தும் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இருந்ததன் தப்பு.

அப்படியானால் செக்லிஸ்ட் உதவுமா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012 கோடையில் 1,043 டைவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் எழுதப்பட்ட சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் பெரிய அசம்பாவிதங்கள் 36 சதவீதம் குறைந்தன. ஒரு துண்டுச் சீட்டு செய்யும் வேலைக்கு இது பெரிய எண். ஆனாலும் படகில் சீட்டை எடுத்துப் படிப்பவரைப் பார்த்து, "புதுசா?" என்று சிரிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

'ஸ்கூபா போலீஸ்' என்றால் யார்?

அடுத்தவர் கருவியைப் பார்த்து, அடுத்தவர் வீடியோவைப் பார்த்து, "அது தப்பு, இது தப்பு" என்று சொல்பவர்களுக்கு டைவர்கள் வைத்திருக்கும் கிண்டல் பெயர் அது. சிலர் உண்மையிலேயே தொல்லைதான். புதிதாகப் பழகும் ஒருவர் ஆசையாகப் போட்ட படத்தில், கை எங்கே இருக்கிறது, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பத்துப் பேர் வந்து வகுப்பெடுத்தால் அவர் அடுத்த முறை எதையும் பகிரமாட்டார், தனக்கு நடந்த சிக்கலையும் சேர்த்து.

ஆனால் விமர்சனமே இல்லாமல் இருந்திருந்தால் இன்றைய டைவிங் விதிகளில் பல வந்திருக்காது. 1979-ல் ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர், நீருக்கடி குகைகளில் இறந்த டைவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே கோட்டை விட்டார்கள் என்று அலசி ஒரு சிறு நூல் எழுதினார். வெளியேறும் வழிவரை கயிறு போடாதது, திரும்பி வருவதற்குப் போதிய காற்றை ஒதுக்காதது போன்ற தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போகவும், ஒரு பங்கை வெளியே வரவும், மிச்சத்தை ஆபத்துக்கும் வைக்க வேண்டும் என்பது குகை டைவர்களின் அடிப்படைச் சட்டமாக நிலைத்ததற்கு அந்த அலசல் முக்கியக் காரணம். இறந்தவர்களைப் பற்றிப் பேசாதே என்று அவரை யாராவது அடக்கியிருந்தால் இன்னும் பலர் அதே குகைகளில் போயிருப்பார்கள். பிரிட்டனின் டைவிங் கிளப் அமைப்பும் ஒவ்வொரு ஆண்டும் விபத்துத் தொகுப்பைப் பெயர்கள் இல்லாமல் வெளியிடுகிறது.

பிரச்சினை, எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் வருகிறது. ஐடியில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ராத்திரி புரொடக்ஷன் சர்வர் விழுந்துவிட்டது. மறுநாள் ஆர்சிஏ மீட்டிங்கில் "யார் அந்த கமாண்டை அடிச்சது?" என்று மேனேஜர் கேட்டால், அடுத்த முறை எல்லோரும் மறைப்பார்கள். "அந்த கமாண்ட் புரொடக்ஷனில் ஓடும் அளவுக்கு எப்படி வழி இருந்தது?" என்று கேட்டால் ஓட்டையை அடைக்கலாம். பிரிட்டன் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்ற கேரத் லாக், இதே அணுகுமுறையை டைவிங்கில் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார். 'இஃப் ஒன்லி' என்ற அவரது 2020 ஆவணப்படம், 2018-ல் ஹவாயில் இறந்த ஓர் அமெரிக்கக் கடற்படை வீரரைப் பற்றியது. 'ரீபிரீதர்' என்ற சிக்கலான கருவியுடன், ஆக்சிஜன் வால்வைத் திறக்காமல் தண்ணீரில் இறங்கியவர் அவர். "வால்வைக் கூடத் திறக்காமலா இறங்கினார்?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். படம் அப்படிச் செய்யவில்லை. அவருடைய மனைவியும் உடன் டைவ் செய்தவர்களும் கேமரா முன்னால் வந்து, அந்த நாளுக்கு முன்னால் என்னென்ன சின்னச் சின்ன விஷயங்கள் நழுவிக்கொண்டே வந்தன என்று சொல்கிறார்கள்.

இந்த அணுகுமுறைக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பது என் கருத்து. தெரியாமல் தவறிய டைவரிடம் காட்டும் கனிவை, காசு வாங்கிக்கொண்டு பொருந்தாத கருவியுடன் மாணவரை அனுப்பும் தொழிலிடம் காட்ட வேண்டியதில்லை. அங்கே "யார் அனுப்பியது?" என்ற கேள்வியும் வேண்டும், நீதிமன்றமும் வேண்டும்.

நம் நாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 2018 சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிமுறைகளில் ஸ்கூபாவும் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல். விபத்து நடந்தால் இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிவாகும். பிரேதப் பரிசோதனை அறிக்கை 'நீரில் மூழ்கி மரணம்' என்று சொல்லும். வால்வு எத்தனை சுற்று திறந்திருந்தது, கேஜில் எவ்வளவு இருந்தது, எடை எவ்வளவு என்றெல்லாம் அந்த அறிக்கை சொல்லாது. கருவியை அப்படியே எடுத்து வைத்து, தெரிந்தவர் ஒருவர் சோதித்தால்தான் அது தெரியவரும். தெரிந்தாலும் அதைப் பொதுவெளியில் வைத்தால்தான் அடுத்த படகில் ஏறுபவருக்குப் பயன்.

படகில் எப்படிச் சொல்வது?

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. பக்கத்தில் ஒருவர் ஏதோ தப்பாக மாட்டியிருக்கிறார், உங்களுக்குத் தெரிகிறது. நமக்கோ பெரியவர்களையும் 'சாரை'யும் கேள்வி கேட்பது இயல்பாக வராத விஷயம். அதிலும் பயிற்சியாளரே செய்வது தப்பாகத் தோன்றினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எங்க சார் ட்ரெயினிங் எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். "பாஸ், உங்க ஆக்டோ தொங்குது, மாட்டி விடவா?" என்றால் யாரும் கோபப்படமாட்டார்கள். பயிற்சியாளரிடம், "அண்ணா, இந்தக் குழாய் எதுக்கு? எனக்கு இல்லையே, பரவாயில்லையா?" என்று கேட்கலாம். தெரியாதவராகக் கேட்பதில் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பதிலாக "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று மட்டும் வந்தால், படகிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். நாலாயிரம், ஐந்தாயிரம் போகும். போகட்டும்.

இதற்கு டைவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: யார் வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் டைவை முடித்துக்கொள்ளலாம். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதற்கான சைகை, கட்டைவிரலை மேலே உயர்த்துவது. ரீல்ஸ் எடுக்கும்போது பழக்கதோஷத்தில் 'சூப்பர்' என்று கட்டைவிரலைக் காட்டிவிடாதீர்கள். உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார்கள். 'ஓகே' சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

புக் செய்யும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனை? ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் அந்த முதல் தாளில் மறைக்காமல் எழுதி, பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். தீவுக்குப் போன பிறகு "ஆமாம்" என்று டிக் அடித்தால் அங்கே டாக்டரைத் தேடி அலைய வேண்டிவரும், அதனால்தான் பலரும் "இல்லை" என்று அடித்துவிடுகிறார்கள்.

திரும்பும் டிக்கெட்டையும் ஒரு முறை பாருங்கள். டைவ் முடிந்ததும் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால் குறைந்த அழுத்தத்தில் அது குமிழாக மாறலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஞாயிறு காலை டைவ், மதியம் போர்ட் பிளேயரிலிருந்து சென்னை விமானம் என்று போட்டிருந்தால், டைவை வெள்ளி அல்லது சனிக்கிழமைக் காலைக்கு மாற்றிவிட்டு, ஞாயிறன்று கடற்கரையில் இளநீர் குடியுங்கள்.